சுமிராவின் கெண்டைக்கால்

சோலோ நகரத்துச் சந்தைக்குப் பின்னால் நானும் சுமிராவும் சேர்ந்து, சோற்றில் கோழிச்சாறு ஊற்றித் தரும் சோத்தோ கடை நடத்துகிறோம். கோழிச்சாறு அவள் பொறுப்பு, சோறும் சம்பலும் என் பொறுப்பு. மூன்று வயதில் வந்த போலியோ அவளுடைய வலது தொடையைச் செயலற்றதாக்கிவிட்டது. அந்தக் காலின் குதிகால் தரையில் பாவாது. ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பை முன்னால் சாய்த்து, நுனிப்பாதத்தை ஊன்றித்தான் நடப்பாள். கேலி செய்கிறவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும்: "என் தலை முன்னாடியே போய் இடம் பிடிச்சுடும். உனக்கு அந்த வசதி உண்டா?"

ஐம்பதை நெருங்கும்போது இடுப்புவலி வந்தது. குதிகாலுக்கு மேல் இறுகிப்போன தசைநாரை வெட்டி நீட்டினால் பாதம் தட்டையாகப் பதியும் என்றார் டாக்டர் வியாந்தோ. சுமிராவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

"இருங்க, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எந்தத் தசை எவ்வளவு இழுக்குதுன்னு பார்த்துடுவோம்" என்று டாக்டர்தான் எங்களை யோக்யா நகரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அங்கே அனிந்த்யா என்ற பொறியாளர் சுமிராவின் உடம்பெங்கும் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டினாள். சுற்றிலும் கேமராக்கள். தரையில் மிதியின் பலத்தை அளக்கும் பலகைகள்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு ஜோடனை கிடையாதும்மா" என்றபடி நடந்தாள் சுமிரா.

அடுத்த வாரம் டாக்டரும் வந்திருந்தார். திரையில் ஒரு எலும்புக்கூடு, அச்சு அசலாக சுமிராவின் சாய்ந்த நடையில் போய்க்கொண்டிருந்தது.

"தசைக்குள்ள தராசு வைக்க முடியாதும்மா" என்றாள் அனிந்த்யா. "ஒரு எட்டு வைக்க எத்தனையோ தசைங்க வேலையைப் பங்கு போட்டுக்குது. யாருக்கு எவ்வளவு பங்குன்னு உங்க நடையை வெச்சு கம்ப்யூட்டர் கணிக்குது. சிவப்பா தெரியறது இழுக்குற தசை."

தொடை வெளிறிக் கிடந்தது. பிட்டமும் கெண்டைக்காலும் செக்கச்செவேலென்று எரிந்தன.

"கெண்டைக்கால் உள்தசை முட்டியைத் தொடவே தொடாது. ஆனா பாதம் ஊன்றினதும் கீழ்க்காலைப் பின்னால இழுத்து முட்டி மடங்காம நிறுத்துது. பாருங்க, ஆபரேஷன் பண்ணின மாதிரி அதோட பலத்தைக் குறைக்கிறேன்" என்று அனிந்த்யா ஒரு பொத்தானைத் தட்டினாள்.

எலும்புக்கூடு ஒரு எட்டு வைத்தது. முட்டி மடங்கி அப்படியே சரிந்தது.

சுமிரா எழுந்துபோய் திரையைத் தொட்டாள்.

"விழுந்தது நானா?"

"நீங்க விழலையேம்மா."

"எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையே! நடக்கும்போது கையில இருக்குற சாறு கொட்டிடக் கூடாதேன்னுதான் நினைப்பேன். கால் அதுபாட்டுக்கு இத்தனையும் பண்ணிருக்கா?"

டாக்டர் குனிந்து அவள் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். "இது கணிப்புதான். ஆனா என் கையும் அதையேதான் சொல்லுது. இந்த இறுக்கம்தான் உங்களைத் தாங்குது. இதை வெட்ட மாட்டேன்." இடுப்புவலிக்குப் பயிற்சியும், குதிகால் உயர்த்திய செருப்பும் எழுதிக்கொடுத்தார். சில மாதங்களில் வலி பாதிக்குமேல் குறைந்தது.

ஆபரேஷன் இல்லையென்று வருத்தப்படுவாள் என நினைத்தேன். ஆனால் அன்று திரும்பும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

"ஏய், இங்க கை வை."

குனிந்து அவள் கெண்டைக்காலில் வைத்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளங்கைக்குக் கீழே அது கல்லாக இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. சுமிரா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.