ரப்பர் அம்மாவின் டாக்டர் பட்டம்

நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக என் தங்கை பார்த்தது ஒரே வேலைதான் என்று சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டுமே, உண்மை அதுதான். திரும்பி வரும் புத்தகங்களின் ஓரத்தில் வாசகர்கள் பென்சிலால் கிறுக்கியதையெல்லாம் உட்கார்ந்து அழிப்பாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர் அம்மா.

அவள்தான் நாற்பத்தாறு வயதில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். டிஜிட்டல் கலை, மானுடப் புலங்கள் என்று ஏதோ சொன்னாள். என் வாயில் நுழையவில்லை. எதைப் பற்றி ஆராய்ச்சியாம் தெரியுமா? புத்தக ஓரத்துக் கிறுக்கல்களைப் பற்றி!

"இத்தனை வருஷம் அழிச்சது போதாதுன்னு இப்ப அதைப் பத்தியே படிக்கப் போறியாக்கும்?"

"ஒவ்வொண்ணையும் படிச்சிட்டுத்தானேக்கா அழிச்சேன். மனசு கேட்கல" என்றாள்.

நான் தையல்கடைக்காரி. டாக்டர் பட்டம் என்றால் மூலையில் தனியாக உட்கார்ந்து படிப்பது என்று நினைத்திருந்தேன். இதில் அப்படியில்லை. பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பு, பாடம், மதிப்பெண் எல்லாம் உண்டு. இரண்டாம் வருட முடிவில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் செய்தும் காட்ட வேண்டும். அச்செழுத்து வேறு, கையால் எழுதிய குறிப்பு வேறு என்று கணினியே பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் ஒரு சான்றிதழைக் கொடுத்து வழியனுப்பி விடுவார்கள். நூலகத்தில் நீண்ட விடுப்பில் இருந்தவள் மறுபடி ரப்பரைத் தூக்க வேண்டியதுதான்.

ஒரு வருடம் மல்லுக்கட்டினாள். கணினி மசியவில்லை. தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அவள் விடுப்பில் போன பிறகு யாரும் அழிக்காமல் விட்ட புத்தகங்களில் படம் எடுத்து வைத்திருந்த மூவாயிரம் பக்கங்களையும் திறந்து, 'பக்கத்தைச் சுத்தம் செய்' என்ற பொத்தானை அழுத்தித் தொலைத்தாள். அடி மகராசி! இருபத்திரண்டு வருடப் பழக்கம், விரல் தானாகப் போயிருக்கிறது. பக்கமெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. குறிப்பு ஒன்றுகூட இல்லை.

கடைக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். "முதல்ல எடுத்த படமெல்லாம் பத்திரமா இருக்குக்கா. ஆனா எனக்கு அழிக்க மட்டும்தான் தெரியும்போல."

எனக்கு வந்ததே கோபம்! கத்தரியை மேசையில் போட்டேன்.

"பிரிக்கத் தெரியாதுன்னு ஒரு வருஷமா உன்னை அலையவிட்ட சனியன், அழின்னதும் மட்டும் கிறுக்கலை ஒண்ணு விடாம அழிச்சிருக்கே! அதுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சாம்? அழிச்சதை எடுத்துக் குடுன்னு கேளுடி!"

அழுகை சட்டென்று நின்றது.

"பழைய படத்துலேர்ந்து சுத்தமான படத்தைக் கழிச்சா... மிச்சம் குறிப்புதானே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். காலில் என் செருப்பு.

தேர்வு நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் அச்செழுத்து மறைந்து குறிப்புகள் மட்டும் நின்றன. 'சுத்தப் பொய்!' 'இங்கே அழுதேன்.' 'சோப்பு, தீப்பெட்டி, மறக்காதே.' பேராசிரியர்கள் சிரித்துவிட்டார்கள்.

நடுவில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "கீழ மங்கலா ஏதோ தெரியுதே. பெருசாக்குங்க."

என்றோ இவளே ரப்பரால் அழித்த பென்சில் தடம் அது. நம் கண்ணுக்குப் படாததையும் அழுக்கென்று அந்த இயந்திரம் பொறுக்கி வைத்திருக்கிறது. தங்கை பெரிதாக்கினாள்.

'ரப்பர் அம்மா, நீங்க படிச்சிட்டுத்தான் அழிப்பீங்கன்னு தெரியும். நான் பரீட்சையில பாஸாயிட்டேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.'

தங்கை திரைக்குப் பக்கத்தில் போய் மறுபடி ஒருமுறை வாசித்தாள்.

"இதை... இதை மட்டும் படிக்காம அழிச்சிட்டேன் மேடம்" என்றாள்.

"அதான் இப்ப படிச்சிட்டீங்களே" என்றபடி அந்த அம்மாள் தாளில் கையெழுத்துப் போட்டார். "மூணாவது வருஷத்துக்குப் போங்க."