இருபத்து மூன்றாவது திரை

கோழிக்கோடு வலியங்ஙாடிக் கடைத்தெருவில், பிஸ்கட் குடோனுக்கு மேலே மரப்படி ஏறிப் போனால் வலது கைப்பக்கம் இருப்பது அலவிக்குட்டியின் அறை. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அங்கே உட்கார்ந்து, திங்கட்கிழமை கிளினிக் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். ‘எங்கள் ஆப்பின் எல்லாத் திரைகளிலும் எச்சரிக்கைப் பட்டை வைத்தாகிவிட்டது’ என்று எழுதினார். எழுதியது போதவில்லை. எண்ணிக்கை போட்டால்தான் படித்தவர்கள் மிரளுவார்கள் என்று தோன்றியது. கணினியில் திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்து மூன்று.

மேசையில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி மூடி கிடந்தது. பட்டை ஒட்டி முடித்த ஒவ்வொரு திரைக்கும் புதன்கிழமையன்று அதில் ஒரு கோடு இழுத்திருந்தார். ஐந்தைந்தாக நாலு கட்டு, அப்புறம் இரண்டு கோடு. இருபத்திரண்டு.

மறுபடியும் எண்ணினார். விரலை வைத்து எண்ணினார். மூடியில் இருபத்திரண்டு, கணினியில் இருபத்து மூன்று. 

அலவிக்குட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். பதிமூன்று வயதில் ரேடியோ கடையில் ஈயம் உருக்கக் கற்றார். டேப் ரெக்கார்டர் வந்தபோது அதைப் பிரித்தார், டிவி வந்தபோது அதையும் பிரித்தார், கைபேசி வந்தபோது ஊரே அவர் கடை வாசலில் நின்றது. நாற்பத்து நாலு வயதில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வீடியோ பார்த்து ஆப் எழுதக் கற்றுக்கொண்டார். குரு கிடையாது, பீஸ் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. இன்றைக்கு ஐம்பத்தாறு வயதில் ஒன்பது ஆப் அவர் கையால் ஆனது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பொறியாளர்கள் மூன்று மாதம் கேட்ட வேலையை ஒன்பது நாளில் முடித்துக் காட்டியவர். சும்மா சொல்லவில்லை, அந்தக் கிளினிக்கின் வேலைதான் அது.

எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை ஜீப்பில் வீடு தேடிப் போய்ப் பார்க்கிற கிளினிக். நர்ஸின் கையில் ஒரு டேப்லெட். அதில் நோயாளியின் பெயர், வலி, மருந்து, புண், எல்லாவற்றுக்கும் தனித்தனித் திரை. பத்து நாளைக்கு முன்னால் டாக்டர் ஒன்று கேட்டார். எந்தத் திரையைத் திறந்தாலும் உச்சியில் ஒரு பட்டை தெரிய வேண்டும். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளி என்றால் சிவப்பு, அதில் அந்த மருந்தின் பெயர். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பச்சை.

அன்றைக்கே ஜிஷா சொன்னாள். ஜிஷா அவருடைய கூட்டாளி, முப்பத்தெட்டு வயது, எம்.சி.ஏ. படித்தவள், நாக்கு கொஞ்சம் காரம்.

“அலவிக்கா, பட்டையைத் தனித் துண்டா ஒரே தடவை செஞ்சிடலாம். எல்லாத் திரையிலயும் அதையே மாட்டிக்கலாம். இருபத்திரண்டு எடத்துல தனித்தனியா ஒட்டினா ஒண்ணு விட்டுப்போகும்.”

“கழட்டி மாட்டற சரக்கே எனக்கு வேண்டாம் மோளே. அந்தக் காலத்து டிவியில கார்டு கார்டா சொருகியிருப்பான். மழை பெஞ்சா லூஸ் காண்டாக்ட். தலையில ஒரு தட்டு தட்டினாத்தான் படம் வரும். ஒவ்வொரு திரையும் தனி வீடு. சுவரு, கூரை எல்லாம் அதுக்குள்ளயே இருக்கணும்.”

“அப்ப இருபத்திரண்டு வீட்டுக்கும் நீங்களே வெள்ளையடிங்க.”

“அடிப்பேன்டீ. இந்தக் கை நாப்பது வருஷமா ஈயம் வச்ச கை. மறக்காது.”

அடித்தார். புதன்கிழமை சாயங்காலம் மூடியில் இருபத்திரண்டு கோடும் நிறைந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை கிளினிக் நர்ஸ் எல்ஸம்மா ஸிஸ்டர் வந்தாள். “வலியில கத்தறவங்க வீட்டுல நான் அஞ்சு திரை தள்ளிட்டு நிக்க முடியாது இக்கா. பேரைத் தொட்டதும் நேரா ஊசிக்குப் போகணும்.” நியாயமான பேச்சு. அலவிக்குட்டி அரை நாளில் புதிய ஊசித் திரையைச் செய்தார். எப்படிச் செய்தார்? நன்றாக ஓடுகிற ஒரு செட்டை எப்போதும் தனியே எடுத்து வைப்பது ரிப்பேர்காரனின் பழக்கம். அப்படி எடுத்து வைத்திருந்த நல்ல திரை ஒன்றை நகல் எடுத்துச் செய்தார். அதை எடுத்து வைத்தது பட்டை வருவதற்கு முன்னால்.

பெயரைத் தொட்டால் நேராகத் திறக்கிற திரை. அதன் உச்சியில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

“ஜிஷா, எல்ஸம்மா எங்கே?”

“எட்டு மணிக்கே ஜீப் கெளம்பிடுச்சே. கூடரஞ்ஞி மலை. அந்தப் பக்கம் வழக்கமா போற நர்ஸ் லீவுல போனதால இன்னைக்கு இவங்கதான் பாக்கறாங்க. ஏன் இக்கா, முகமெல்லாம் வேர்க்குது?”

அவர் திரையைக் காட்டினார். ஜிஷாவின் வாயில் ஏளனம் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவள் அன்றைய நோயாளிகளின் பட்டியலைத் திறந்தாள். ஏழு பேர். ஆறு பேருக்குப் பச்சை. மூன்றாவது வீடு மட்டும் சிவப்பு. சாத்துக்குட்டி, எழுபத்தொரு வயது, முதுகெலும்பில் புற்றுநோய். ஒத்துக்கொள்ளாதது டைக்ளோ என்கிற வலி ஊசி. ஒரு முறை போட்டதில் தொண்டை வீங்கி, மெடிக்கல் காலேஜில் மூன்று நாள் கிடந்திருக்கிறார்.

எல்ஸம்மாவுக்குப் போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. டிரைவருக்கும் அதே. சாத்துக்குட்டி வீட்டு எண்ணும் அதே. கிளினிக்கில் கேட்டால், முந்தின நாள் மழையில் மலை டவருக்குக் கரண்டு போய்விட்டது என்றார்கள்.

அலவிக்குட்டி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். மனைவி நபீசா கொடுத்தனுப்பிய அரிசிப் பத்திரி டப்பா திறக்காமலே கிடந்தது.

“நான் இங்கே அந்தத் திரையில பட்டையை ஒட்டி வைக்கட்டுமா?” என்றாள் ஜிஷா.

“ஒட்டு.”

“ஒட்டி என்ன, டவர் இல்லாம அவங்க கைக்குப் போகாது.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “மெதுவா போங்க இக்கா.”

அவர் மெதுவாகப் போகவில்லை. குன்னமங்கலம் தாண்டும் வரை லாரிகளுக்கு நடுவே புகுந்து போனார். எட்டு மணிக்குக் கிளம்பிய ஜீப். ஒன்பதரைக்கு முதல் வீடு. ஒரு வீட்டுக்கு அரை மணி என்றால் மூன்றாவது வீட்டுக்குப் பத்தரை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பத்து ஐந்து. இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர். இரண்டாவது வீட்டில் யாராவது கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்துச் சாப்பிடச் சொல்லி நேரம் கடத்தட்டும் என்று வேண்டிக்கொண்டார். அவர் அப்படி எதற்கும் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை.

முக்கம் பாலத்தில் வண்டியை நிறுத்தி மறுபடியும் போன் போட்டார். அதே பெண் குரல் அதே வாக்கியத்தைச் சொன்னது. கமிட்டிக் கூட்டத்தில் தான் பேசியது காதில் வந்து நின்றது. ‘நோட்டுப் புத்தகத்தை எல்லாம் கட்டிப் பரண்ல போடுங்க. மனுஷன் மறப்பான், இது மறக்காது.’ கைதட்டினார்கள். டாக்டர் எழுந்து நின்று தட்டினார். அந்த வார்த்தையை நம்பித்தான் இன்று எல்ஸம்மா நோட்டு இல்லாமல் போயிருக்கிறாள். பட்டை இல்லாத திரையைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? ஆபத்து எதுவும் இல்லை என்றுதானே நினைப்பாள்.

மலைப்பாதையில் ஸ்கூட்டர் முக்கியது. ரப்பர் தோட்ட வளைவில் ஜீப் நிற்பது தெரிந்தது. பத்து ஐம்பது. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டுச் செங்கல் படிகளில் ஏறினார். மேலே வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆணின் கூச்சல் கேட்டது. பெண் குரல் ஏதோ கெஞ்சியது.  படியில் கையை ஊன்றி ஏறினார்.

“எங்கே என் கொடி? அதைச் சொல்லு மொதல்ல!”

கட்டிலில் எலும்பாகக் கிடந்த சாத்துக்குட்டிதான் கத்திக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் வலியங்ஙாடியில் அரிசி மூட்டை சுமந்தவர், சுமட்டுத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவர். குரல் மட்டும் இன்னும் மூட்டை தூக்குகிற குரல்.

“வியாழக்கெழம வந்த பொண்ணு காட்டினா. என் பேருக்கு மேல செக்கச்செவேல்னு கொடி. வேற யாருக்கும் இல்ல, எனக்கு மட்டும்தான்னு சொன்னா. இன்னைக்குக் காணோம். யாரு எறக்கினது? மொதலாளியா?”

“சாத்துக்குட்டி ஏட்டா, வலியில எதையாவது பேசாதீங்க. ஊசியைப் போட்டுக்கிட்டு அப்புறம் சண்டை போடுங்க” என்றாள் எல்ஸம்மா. அவளுடைய இடது உள்ளங்கையில் சின்னக் கண்ணாடி மருந்துக்குப்பி இருந்தது. அலவிக்குட்டி முதலில் பார்த்தது அதன் கழுத்தைத்தான். இன்னும் உடைக்கவில்லை, மருந்து உள்ளேயே இருந்தது.

“போடாதே!” என்றார் அவர். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, மூச்சு வந்ததும் மறுபடி சொன்னார். “ஸிஸ்டரே, போடாதே. அது டைக்ளோ. ஒத்துக்காது அவருக்கு.”

எல்ஸம்மா அவரைப் பார்த்தாள். டேப்லெட்டை எடுத்து, ஊசித் திரையை விட்டு, நோயாளி பற்றிய முதல் திரையைத் திறந்தாள். சிவப்பு. அவள் குப்பியைப் பெட்டியில் வைத்தாள். 

“கொடி எங்கே போச்சுன்னு கேட்டுக் கால் மணி நேரமா கையைக் கொடுக்க மாட்டேன்னுட்டார் இக்கா. நான் கிழவருக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு நெனச்சேன்.” குரல் மாறியது. “ஊசித் திரையில அது ஏன் இல்ல?”

டவர் போச்சு, அதனால் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. நம்பியிருப்பார்கள். அலவிக்குட்டி தலையிலிருந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் ஒட்ட மறந்துட்டேன்.”

“நீங்களா?” என்றாள் எல்ஸம்மா.

“நானேதான்.”

சாத்துக்குட்டி தலையைத் திருப்பினார். “ஏய்யா, நீ ரேடியோ அலவிதானே? எண்பத்தாறுல என் டிரான்சிஸ்டரைப் பிரிச்சு, ஒரு திருகாணி மிச்சம் வச்சுக் கொடுத்தவன்? அப்பவே நெனச்சேன்.”

 எல்ஸம்மா வேறு மருந்தை எடுத்து, பெயரை வாய்விட்டு மூன்று முறை படித்து, கொடுத்தாள். பிறகு வெளியே வந்து சொன்னாள்: “திங்கக்கெழம காலைல என் கண் முன்னால காட்டுங்க. அதுவரைக்கும் நோட்டு. திருப்தியா இல்லைன்னா டேப்லெட்டை நானே டாக்டர் மேசையில வச்சிருவேன்.”

சாயங்காலம் மரப்படி ஏறி வந்தவர் ஜிஷாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “துண்டா செய்வோம்.”

ஜிஷா அவரைச் சீண்டவில்லை. ஒரே பட்டை, தனித் துண்டு. இருபத்து மூன்று திரையிலிருந்தும் பழைய நகல்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதை மாட்டினார்கள். ஞாயிறு மதியம் எல்லாம் முடிந்தது. அலவிக்குட்டி டேப்லெட்டைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்தார். படம் திரும்பியது. பட்டை வெறுமையாக நின்றது. நிறமில்லை, மருந்தின் பெயரில்லை.

“பாத்தியா! லூஸ் காண்டாக்ட்!” அவர் எழுந்தே விட்டார். “ஒரு எடத்துல போனா இப்ப இருபத்து மூணு எடத்துலயும் போச்சு!”

“உக்காருங்க. சாய்க்கும்போது டேப்லெட் பழைய துண்டை வீசிட்டுப் புதுசு செய்யுது. நாம கையில கொடுத்த மருந்து பேரு பழசோட போயிடும். துண்டுக்குன்னு ஒரு பை உண்டு, அதுல போட்டு வச்சா புதுசும் எடுத்துக்கும். நான்தான் பையில போடல. என் தப்பு.”

அவளும் மறந்திருக்கிறாள். எம்.சி.ஏ.வும் மறக்கும் என்பதில் அவருக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. வெறும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்ஸம்மா கண்ணுக்கு வெறுமை என்றால் ஆபத்தில்லை.

“ஜிஷா, பையில போடு. போட்ட பெறகு இன்னொண்ணும் செய்வோம். பட்டைக்கு விவரம் தெரியலைன்னா சும்மா நிக்கக் கூடாது. கருப்பாகணும். ‘தெரியாது, ஊசி போடாதே’ன்னு எழுதணும். பட்டை பேசாதவரைக்கும் கீழே இருக்கற பொத்தானும் வேலை செய்யக் கூடாது.”

ஜிஷா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். “இது எனக்குத் தோணலையே இக்கா.”

“ஏழாங்கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தது” என்றார். சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை எல்ஸம்மா டேப்லெட்டைச் சாய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள், நடுவில் கேமராவைத் திறந்து மூடினாள். இருபத்து மூன்று திரையும் அவளே எண்ணினாள். பட்டை அசையவில்லை. டேப்லெட்டைப் பையில் போட்டாள். பிறகு நோட்டையும் போட்டாள்.

“ரெண்டும் வரும்” என்றாள்.

 பையை அலவிக்குட்டி தானே தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார். கமிட்டிக் கடிதத்தில் எண்ணிக்கை போட்ட வரியை அடித்துவிட்டு, ஊசித் திரையில் தான் பட்டையை விட்டதைத் தேதியோடு எழுதிக் கொடுத்தார்.

பத்தரை மணியிலிருந்து போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்று பத்துக்கு அது அடித்தது. எல்ஸம்மாவின் எண். 

“ரேடியோ அலவியா?” சாத்துக்குட்டியின் குரல். “கொடி இருக்குய்யா. நல்லாத்தான் பறக்குது.”

“ஏட்டா, சாய்ச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு.”

“மத்த வீடுங்கள்ல?”

“அதை அவங்ககிட்டப் போய்க் கேளு” என்று சாத்துக்குட்டி போனை வைத்தார். அலவிக்குட்டி நோயாளிகளின் பட்டியலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, நாலாவது வீட்டின் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.