சிவப்புக் கார் எஞ்சினியர்

பெற்றோலுக்குத் தட்டுப்பாடான யுத்த நாட்களிலும், திருகோணமலைத் துறைமுகத்து எஞ்சினியர் ஒருவர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். மெலிந்த மனிதர். காரை நிறுத்தியதும் எஞ்சினை மூடிய பொனற்றில் ஒருதரம் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போவார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

"என்ர பழைய கார் ஒருநாளும் நடுவழியில நிண்டதில்லை. உங்கடையை நம்ப ஏலாது, பத்திப்போடும்" என்று தேநீர்க்கடையில் அவரோடு வாதாடுவேன். அவர் சிரிப்பார்.

ஒருநாள் பாலையூற்று வீதியில் அந்தச் சிவப்புக் கார் உண்மையிலேயே பற்றி எரிந்தது. நான் அவ்வழியால் வந்தபோது அவர் வீதியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னனான்தானே" என்றேன்.

"ஓம், சொன்னனீங்கள். ஆனா கடற்கரையோட குச்சவெளிக்கு அதில போன ஒரு பின்னேரம் எனக்குக் காணும், வேறொண்டும் வேண்டாம்."

அவரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அந்தப் பின்னேரத்தைப் பற்றியே கதைத்தார். கார் சாம்பலான பிறகும் அவர்மேல் இருந்த பொறாமை எனக்குப் போகவில்லை.