சித்தப்பாவின் புகை உருளை

எதிர்மாடியில் யாரோ கறியைப் புகையில் வாட்டுகிறார்கள். அந்த வாசனை என்னைக் கோவில்பட்டிப் பக்கத்துச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனது. எழுபதுகளில், மழை பொய்த்து மேய்ச்சலின்றி ஆடுகள் மெலிந்த ஒரு வருடம். கறியையாவது புகைபோட்டுக் காப்பாற்றலாம் என்று, சித்தப்பா பட்டறையில் இரும்புத் தகட்டை உருளையாக வளைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். முறைப்படி, தகட்டின் எண்ணெய்ப் பிசுக்குப் போக, முதலில் கறி வைக்காமல் வெறுமனே தீமூட்டி எரித்தார். கதவு மட்டும் பொருந்தவில்லை. இடுக்கில் புகை கசிந்தது.

“எந்த ஆட்டை மொதல்ல வெட்டப் போறிய?” என்பாள் சித்தி. “நாளைக்கு மழை பெஞ்சிட்டா?”

“ஏட்டி, மழை ஒங்கப்பன் வண்டியிலயா வருது?” என்பார் சித்தப்பா. ஆனால் கத்தியை எடுக்காமல், அரத்தை எடுத்துக்கொண்டு கதவை ராவப் போய்விடுவார்.

ஆடுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே செத்தன. தானாகச் செத்ததை எங்கள் வீட்டில் உண்பதில்லை. அதற்கும் ஒரு நடைமுறை இருந்தது: குழி தோண்டிப் புதைத்துவிடுவது. கடைசி ஆட்டைப் புதைத்த அன்று, கதவு இம்மி பிசகாமல் பொருந்தியது.