லைன்லதான் இருக்கேன்

போன வருடம் நவம்பரில், தீபாவளி லீவு முடிந்த வாரம், என் வீட்டுக்காரர் காணாமல் போனார். அன்று எனக்கு அழுகை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் முழங்காலில் நின்று கதறி ஜெபித்ததாகச் சொல்வார்கள். நான் கதறவில்லை. முழங்காலிலும் நிற்கவில்லை. எனக்கு முட்டி வலி வேறு.

என் பெயர் எஸ்தர். ஈப்போவில் ஒரு டோபி கடையில் துணி மடிக்கும் வேலை. வீட்டுக்காரர் பெயர் தேவராஜ். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே ரப்பர் பால் ஏற்றும் லாரியில் வேலை பார்த்தவர். நானும் கல்யாணமாகி அந்தத் தோட்டத்தில்தான் குடித்தனம் நடத்தினேன். பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள், வீடுகளை உடைத்தார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம்.

சில வருடங்களாக அவருக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. இனிப்பு நீர் வியாதியும் உண்டு. காலையில் ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் உடம்பில் இனிப்பு இறங்கி, வியர்த்து, மயங்கி விழுந்துவிடுவார். அப்படியே விட்டால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்வது என்று இருந்ததில், எங்கேயோ நடுவில் என் மனசு மரத்துப் போய்விட்டது. சபையில் பாட்டுப் பாடும்போது வாய் மட்டும் பாடும்.

அன்று காலையில் ஊசி போட்டுவிட்டுத் தோசை வார்க்க அடுப்படிக்குப் போனேன். வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஓடி வருவதற்குள் கிளம்பிவிட்டார். சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பெற்ற மகள் பெயரை மறந்துபோகிற மனுஷனுக்கு அது மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ! அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

சபைப் பிள்ளைகள் பசார், பஸ் ஸ்டேசன், ஆஸ்பத்திரி எல்லாம் தேடினார்கள். போலீசில் ரிப்போர்ட் கொடுத்தேன். என்ன சட்டை என்று கேட்டார்கள், நீலக் கட்டம் போட்டது என்றேன். ஜோகூரில் இருக்கும் என் மகள் ரூத் போனில் தேம்பினாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் அழுங்கம்மா. இப்படி இருந்தா எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

"நான் அழுதா மட்டும் அப்பா வந்துருவாரா? போனை வை. அவரு கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு."

சொன்னபடியே கூப்பிட்டார். பகல் சாப்பாட்டு நேரம். ஒரே கரகரப்பு.

"எங்கங்க இருக்கீங்க?"

"லைன்ல இருக்கேன்."

"லைன்ல இருக்கீங்க, அதான் பேசுறீங்களே. எந்த எடத்துல இருக்கீங்க?"

"லைன்லதான்டி இருக்கேன்! எத்தன வாட்டி சொல்றது? சோறு கொண்டா."

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. அதன்பிறகு எத்தனை முறை அழைத்தாலும் தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தாள். புத்தி தடுமாறி ஏதோ பேசுகிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் சோறு கேட்டாரே, அது மட்டும் உறைத்தது. காலை ஊசி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எங்கள் தெரு முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரஹ்மான் பாய் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டுக்காரர் தினமும் அவர் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். பாய் கடையில் வேலை செய்யும் ஒருவர், சுங்கை சிப்புட் போகிற ரோட்டில் இவரை மோட்டாரோடு பார்த்திருக்கிறார்.

"அக்கா, ஏறுங்க. போலாம். இந்தாங்க, மொதல்ல இந்தத் தேத்தண்ணியக் குடிங்க."

பாலும் சீனியும் தூக்கலாகப் போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணி. எனக்கு இறங்கவில்லை. சூடு ஆறும்வரை கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வேனில் ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒன்னும் வரமாட்டேங்குது. அழுகையும் வரல, வார்த்தையும் வரல. நீங்களே பாத்துக்குங்க." இவ்வளவுதான் சொன்னேன். வசனம் சொல்லவில்லை, ஆமென்கூடச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் செம்பனைதான். ஒரு முச்சந்தியில் பாய் வண்டியை நிறுத்தினார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மேப் பார்க்கலாம் என்று போனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஆட்டிப் பார்த்தார்.

"சே! லைன் இல்லக்கா. இந்தப் பக்கம் லைனே இல்ல லா."

எனக்குச் சுரீர் என்றது. லைன் இல்லை. ஆமாம், இப்போது லைன் இல்லை, அதைத்தான் உடைத்துவிட்டார்களே! தோட்டத்து வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். மற்ற தோட்டங்களில் லயம் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் லைன் என்றே சொல்வோம். ஆற்று லைன், மேட்டு லைன். நாங்கள் இருந்தது மேட்டு லைன், உயரமான இடம், அதனால்தான் அவர் போன் ஒரு தடவையாவது கிடைத்திருக்கிறது. அந்த மனிதர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் புரியவில்லை.

"பாய், அவரு லைன்ல இருக்காரு!"

பாய் என்னைப் பாவமாகப் பார்த்தார். "யாரு லைன்லக்கா? போனே எடுக்கலியே."

"ஐயோ, போன் லைன் இல்ல பாய். வீட்டு லைன்! நாங்க இருந்த தோட்டத்து லைன்!"

இடம் தெரிந்துவிட்டது, வழிதான் தெரியவில்லை. நாங்கள் போய்வந்த பழைய ரோட்டைக் காணோம். தோட்டத்துக்கு இப்போது வேறு பெயர். அப்போதுதான் ரூத் என் போனில் போட்டுக் கொடுத்த மேப் நினைவுக்கு வந்தது. பள்ளி லீவில் கேமரன் மலைக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்து, பஸ் நேரம், மேப் என்று என்னென்னவோ இறக்கி வைத்திருந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து அந்தப் பயணம் நின்றுபோனது. "பேராக் மாநிலம் முழுக்க வைஃபையில எறக்கி வெச்சிட்டேன்மா. லைன் இல்லாட்டியும் இது ஓடும். நாம நிக்கிற எடத்த சேட்டலைட்ல இருந்து புடிச்சுக்கும்" என்றாள். ஜெப வீடியோக்களுக்கு இடம் இல்லாமல் பண்ணிவிட்டாயே என்று நான் அவளைத் திட்டினேன். லைன் இல்லாமல் ஓடுகிறதாம், என்னிடமே கதை விடுகிறாள் என்று நினைத்தேன்.

திறந்தேன். ஓடியது! முச்சந்தியும் இருந்தது, அதன்மேல் நீலப் புள்ளியாக நாங்களும் இருந்தோம். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஓடுது லா!" என்றார்.

தோட்டத்தின் புதுப் பெயர் தெரியாததால் தேடிப் பார்க்க வழியில்லை. விரலால் நகர்த்திக்கொண்டே போனேன். ஆறு தெரிந்தது. ஆறு வளைகிற இடத்தில் கல்லறை அடையாளம் ஒன்று சின்னதாக இருந்தது. எங்கள் ஜனங்களின் இடுகாடு. வீட்டையெல்லாம் உடைத்தவர்கள் அதை மட்டும் தொடவில்லை. அதற்குப் பின்னால் ஏறினால் மேட்டு லைன். அந்த அடையாளத்தைத் தொட்டதும் வழி கோடு கோடாக விரிந்தது.

தோட்டத்து கேட்டில் இருந்த காவல்காரரிடம் பாய் மலாயில் கெஞ்சினார். அந்த ஆள் நல்லவர், திறந்துவிட்டார். மண் ரோடு முடிந்ததும் வேனை விட்டு இறங்கி நடந்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நான் நடந்த இடம் அது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிரை. போனில் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் நாங்களும் தொலைந்திருப்போம். ஒரு இடத்தில் புள்ளி வழியை விட்டு விலகியது. திரும்பி வந்து வேறு நிரையில் ஏறினோம்.

முதலில் மோட்டார்தான் தெரிந்தது. கால்வாயில் சாய்ந்து கிடந்தது. கொஞ்சம் மேலே, உடைத்த வீட்டின் சிமெண்டுத் தரை புல்லுக்குள் கிடந்தது. அதன்மேல் இவர் உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை உதறியது, பேச்சு குழறியது, கண் எங்கேயோ சொருகிக்கொண்டு போனது. அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். ஆறிப்போன தேத்தண்ணிப் பை இன்னும் என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லைன்ல இருக்கேன்னு அப்பவே சொன்னேன்ல. ஏன்டி இவ்ளோ லேட்டு?"

பாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அல்லாவே! கேக்குறாரு பாருங்கக்கா கேள்வி!" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் பக்கத்தில் அந்தத் தரையில் உட்கார்ந்தேன். எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. டோபி கடையில் யாருடையதோ நீலக் கட்டச் சட்டை ஒன்று மடிக்க வந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். முதலாளியம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சட்டையைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பாஸ்டர் இதை வைத்து ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். லைன் இல்லாத இடத்திலும் ஆண்டவர் வேலை செய்வார் என்று. நன்றாகத்தான் சொன்னார். எனக்கு அவ்வளவு அழகாகப் பேச வராது. எனக்குத் தெரிந்தது இதுதான்: அன்று நான் உணர்ச்சி இல்லாமல் ஜெபித்தேன், ஆண்டவர் அதையும் கேட்டார். பாய் வாயில் ஒரு வார்த்தையை வைத்தார். நான் குடிக்காத தேத்தண்ணியை என் கையிலேயே வைத்திருந்தார். மகள் போட்டதை நான் அழிக்காமல் பார்த்துக்கொண்டார். அவருக்கு நன்றி. உங்களில் யாருக்காவது மனசு கட்டையாகிப் போயிருந்தால், அது சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிறபடியே அவரிடம் பேசுங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் சொல்லி அந்த மேப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாய் வேனில் அவரை மேட்டு லைனுக்குக் கூட்டிப் போகிறேன். அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார். மனசு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் நான் கொஞ்சம் கண்ணுக்கு மறைந்தாலும் அவர் பதறிப்போய், "ஏய், எங்கடி இருக்க?" என்று கத்துவார். முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது அடுப்படியில் இருந்தே சொல்கிறேன்.

"லைன்லதாங்க இருக்கேன்."

"சரி, சரி" என்று அமைதியாகிவிடுவார்.