கால் தவறிய பெண்களின் ஊர்

சேலத்திலிருந்து புதுச்சத்திரம் இருபத்து நான்கு மைல். 1962 வைகாசியில் பஸ் கட்டணம் எழுபத்தைந்து புதுக்காசு. காலை ஆறரைக்கு ஏறினேன். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. வீட்டில் சும்மா இருந்தால் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு யாராவது என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் சென்னைப் பேராசிரியர் ஒருவருக்குக் கிராமத்து இறப்புப் பதிவேடுகளை நகல் எடுத்துத் தர ஒப்புக்கொண்டேன்.

அவருக்கு ஒரு யோசனை. ஊர் செழிக்கச் செழிக்க, தற்கொலை செய்துகொள்ளும் ஆண்கள் பெருகுவார்கள், பெண்கள் குறைவார்கள் என்று நினைத்தார். மின்சாரம் வந்த கிராமங்களில் அப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இரண்டு வரிசை எண்ணிக்கைதானே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் என்று நானும் மிதப்பாகவே கிளம்பினேன்.

புதுச்சத்திரத்தில் இறங்கி மூன்று மைல் மாட்டுவண்டி. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்பதரை மணி வெயிலில் இரண்டு பக்கமும் பருத்தியும் கடலையும் பச்சைப் பசேலென்று கிடந்தன. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆளைக் காணோம். தண்ணீர் தானாகக் கொட்டி, தானாக ஓடியது. பெண்கள் யாரும் வெளியே வருவதில்லையா என்று வண்டிக்காரரைக் கேட்டேன். அவர் மாட்டை அதட்டினார்.

பிறப்பு இறப்பு எழுதும் கிராம முன்சீப்பை அங்கே மணியக்காரர் என்பார்கள். ஐம்பத்தைந்து வயது, சிரித்த முகம். மகளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம் என்பதால் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பித்தளைக் குழாய், கூடத்தில் ரேடியோ, மருமகள் சரசு கொண்டுவந்து வைத்த கருப்பட்டிக் காப்பி. இருபது வருஷத்துப் பதிவேடுகளை அவரே தூக்கிவந்து கொடுத்தார்.

பதினொரு மணி வரை எழுதினேன். தற்கொலை என்று எழுதியிருந்ததெல்லாம் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. பேராசிரியர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தபோதுதான் கவனித்தேன், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். 'குடத்தில் நீர் சேந்துகையில் கால் தவறிக் கிணற்றில் விழுந்து.' பெயரும் தேதியும்தான் மாறின. எல்லாம் பெண்கள், எல்லாம் முப்பதுக்குள். கடைசியாக இருந்தவள் பொன்னாயி, வயது இருபத்திரண்டு, 1960 ஆவணி.

ஊருக்கு மின்சாரம் எப்போது வந்தது என்று மணியக்காரரிடம் கேட்டேன். அதே 1960 தை மாதம் என்றார். முற்றத்துக் குழாயும் அப்போதே போட்டதாம். அப்படியானால் ஆவணியில் பொன்னாயி எதற்குக் குடத்தோடு கிணற்றுக்குப் போனாள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

"மோட்டார் வந்தது நெனப்புல இல்லீங்கம்மா. கை பாட்டுக்கு எழுதிருச்சுங்க" என்றார். பிறகு மெதுவாக, "எம் மருமவதானுங்க. சரசுக்கு முன்னால இருந்த மொத மருமவ" என்றார்.

தற்கொலை என்று எழுதினால் போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள், அந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் தன் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான் எழுதுகிறோம் என்றார். ஆண்களுக்கும் அப்படியே எழுதியிருக்கலாமே என்றேன்.

"ஆம்பளைக்கு நீச்சத் தெரியுமுங்களே. யாரு நம்புவாங்க?"

பேராசிரியரின் இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். எனக்குக் கோபமாக வந்தது; மணியக்காரர் மீது மட்டுமல்ல.

மாலை ஆறு மணிக்கு வீட்டார் எல்லாரும் தோட்டத்துக் கிணற்றுக்குப் புறப்பட்டார்கள். சுமங்கலியாக இறந்துபோன பெண்களைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் அவளை முதலில் நீர்க்கரையிலிருந்து அழைத்துவர வேண்டும். மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் பூசாரி உடுக்கையை அடித்து, கிணற்றுக்குள் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்கு மூன்று தடவை. கல்யாணத்துக்கு வா தாயீ என்று, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். பங்காளி வீடுகளையும் சேர்த்து நான்கு பெயர்கள். நான்கையும் காலையில் நகல் எடுத்திருந்தேன். பொன்னாயியின் பெயர் கிணற்றுக்குள் இறங்கி, கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ சொல்வது போலத் திரும்பி வந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பூவாடைக்காரிக்குப் படைத்த சேலையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். சரசு கட்டிக்கொண்டு வந்து என் அருகில் நின்றாள். பத்தொன்பது வயது இருக்கும். மற்றவர்கள் கரகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவள் மட்டும் கிணற்றைப் பார்த்தபடியே நின்றாள்.

"டீச்சரம்மா, அடுத்த கலியாணத்துக்கு என்னையுங் கூப்புடுவாங்களுங்களா?"

அவள் கையைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்து, சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்பார்கள். நினைப்பு எப்போதோ வந்திருந்தது.

புருஷன் லாரி வாங்கியதிலிருந்து மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருக்கிறானாம், அந்த இரண்டு நாளும் பேசுவதில்லையாம். "எங்கூர்ல கெணத்தடியில நாலு பேரு பேசிக்குவமுங்க. இங்க கொழா ஊட்டுக்குள்ளயே வந்துருச்சு. நான் வெளிய போறதுக்கு ஒரு காரியமுமில்லீங்க."

என் தங்கையைப் பற்றி அவளிடம் சொன்னேன். பதினைந்து வருஷத்துக்கு முன், தற்கொலை என்றால் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு இடம் கிடைக்காதே என்று, கால் தவறிவிட்டாள் எனப் பங்குச் சாமியாரிடம் சொன்னவள் நான்தான். மணியக்காரர் கையால் எழுதிய பொய்யை நான் வாயால் சொல்லியிருந்தேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சரசு என் தோளில் சாய்ந்துகொண்டாள், இருவரும் அழுதோம்.

அன்றிரவு அவளை என் பக்கத்திலேயே படுக்க வைத்தேன். காலை ஆறு மணிக்கு மணியக்காரரிடம், சரசுவை ஆட்டையாம்பட்டியில் இருக்கும் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறேன் என்றேன். அனுமதி கேட்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து மருமகளைக் கிளப்புகிறவளை என்ன செய்வார்களோ என்று பயந்தது உண்மை. அவர் மருமகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"கூட்டீட்டுப் போங்கம்மா. இன்னொரு தடவ அதை எழுத எனக்குக் கை வராதுங்க. கலியாணத்துக்கு வராட்டியும் நான் கேக்கல."

வண்டியை அவரே பூட்டச் சொன்னார். ராசிபுரத்தில் பஸ் மாறி, ஆட்டையாம்பட்டி வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. தறிச் சத்தம் கேட்டதும் சரசுவின் நடை வேகமாயிற்று. கைத்தறிக் குழியிலிருந்து எழுந்து வந்த அம்மாவை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மகளைத் தனியே விடக்கூடாது, சேலம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் மகளின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அதற்குள் தெருவில் இரண்டு பெண்கள் நின்று எட்டிப் பார்க்கவே, அம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"நாத்தனா கலியாணத்தை உட்டுட்டு வந்திருக்கறாளேன்னு கேப்பாங்களே, என்ன சொல்றது? வயித்து வலின்னு சொல்லிரட்டுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு பதில் சொன்னாள்.

"வேண்டாம்மா. பொழச்சுக் கெடக்க வந்தேன்னு சொல்லு."