டிம்பர்மேன் வீட்டம்மாவின் கைநாட்டு

எங்கள் ஆபீசை ஒரேயடியாக மூடியபோது பழைய காகிதக் கட்டிலிருந்து நான் உருவிக்கொண்டு வந்த தாள் அது. முதல் கைநாட்டு டிம்பர்மேன் வீட்டம்மாவுடையது. விரலை அழுத்தி ஒற்றியதால் ரேகையே தெரியாமல் கருநீலப் பொட்டாக விழுந்திருக்கிறது. தாளின் அடியில் ‘அனைவரும் சம்மதம்’ என்று என் அழகான கையெழுத்து. அழகுக்கு மட்டும் குறைச்சலில்லை.

அறுபதுகளின் கடைசியில், மரம் நடும் ஆபீசில் நான் குமாஸ்தா. தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசியைத் தடுக்க எங்கே மரம் வைக்கலாம் என்று மக்களைக் கேட்டு எழுதிவர என்னைத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனுக்கு அனுப்பினார்கள். ஷிப்டுக்குப் போகிற ஜனங்கள். முதலில் பேரைப் பதிந்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்டுப் பழக்கம். நான் வாயைத் திறக்குமுன் வரிசையில் நின்று கைநாட்டு வைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த அம்மா பேசினார். சுரங்கம் சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேனாக இருந்த அவர் கணவர், நெஞ்சில் தூசி அடைத்து வீட்டோடு கிடந்தார்.

“மேட்டுக் காத்து நேரா எங்க லைனுக்குத்தான் சார் வருது. இந்தாண்ட வெச்சீங்கன்னா அவரு கொஞ்சம் மூச்சு வுடுவாரு. எழுதிக்கிறீங்களா?”

எழுதிக்கொண்டேன் என்றேன். எழுதவில்லை. மரங்கள் அதிகாரிகளின் பங்களாப் பக்கம்தான் என்று வரைபடம் முன்பே முடிவாகியிருந்தது எனக்குத் தெரியும். கைநாட்டுதான் வந்துவிட்டதே, வம்பு எதற்கு என்று அடியில் ‘அனைவரும் சம்மதம்’ எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பங்களாப் பக்கம் குழி தோண்டி முடியாததால் செடிகளை லைன் முனையில் இறக்கிவைத்தார்கள். தங்களுக்குத்தான் என்று நம்பி, குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரை அந்த அம்மா மூன்று நாள் அவற்றுக்கு ஊற்றினார். நான்காம் நாள் லாரியில் ஏற்றும்போது குடத்தோடு வந்து நின்றார்.

“இன்னா சார், செடி மாறிப்போச்சா?”

ஆமாம்மா, வேறு வரும் என்றேன். உள்ளே அவர் கணவர் இருமுவது கேட்டது. குடத்துத் தண்ணீரைக் கீழே கொட்ட மனமில்லாமல், லாரியிலிருந்த செடிகளுக்கே ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த காற்றுக்காலம் முடியுமுன் கணவர் போய்விட்டார். சாவுக்குப் போக எனக்கு முகமில்லை.

போன மாதம் பங்களா ரோட்டில் நடந்தேன். நல்ல நிழல், தூசியே இல்லை. வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கைநாட்டுக்கும் பக்கத்தில் ‘கருத்து’ என்று நானே கோடு போட்ட கட்டம் காலியாக இருக்கிறது. அந்த அம்மா சொன்னதை எழுத அதில் தாராளமாக இடம் இருந்திருக்கிறது.